படுக்கை அறையில் ஈரம் தங்கலாகாது

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால் நம் கிராமங்களில் ஏரியைப் பற்றியும் வயலைப் பற்றியும் பேசாதார் இலர். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று திங்களில் பெய்து தீர்கிறது. ஆதலின் அப்பேச்சு இயல்பே. ஆயின் அதே மூன்று திங்களில் வீட்டினுள், அதிலும் இரவெல்லாம் நாம் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கும் படுக்கை அறையில், நிகழ்வதைப் பற்றி எண்ணுவோர் சிலரே. தலையணை சில்லிட்டிருக்கிறது. பெட்டியில் மடித்து வைத்த வேட்டியில் கரும்புள்ளி விழுகிறது. சுவரின் அடியில் பூச்சு பொரிந்து உதிர்கிறது. கதவைத் திறந்ததும் ஒரு பூஞ்சை வாடை வீசுகிறது. விடியற்காலையில் குழந்தை விடாமல் இருமுகிறது. மழைக்காலமென்றால் இப்படித்தான் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டு, இருமல் மருந்து ஒரு புட்டி வாங்கி வந்து வைத்துவிடுகிறோம்.

குழந்தைக்கு மருந்து தேவைதான். ஆனால் வைத்தியம் அந்த அறைக்கும் தேவை என்பதே இங்கு நாம் கூற வந்தது.

ஈரக் காற்றே சளியை உண்டாக்குகிறது என்பது நம்மிடையே நெடுநாளாக நிலவும் எண்ணம். சளியை உண்டாக்குவன கிருமிகளே. ஈரம் செய்யும் தீங்கு வேறு வழியில் வருவது. ஈரம் ஊறிய சுவரிலும் மரத்திலும் துணியிலும் பூஞ்சணம் வளர்கிறது. அதன் நுண்ணிய வித்துக்கள் காற்றில் கலந்து மூச்சுக்குழலுட் செல்கின்றன. மெத்தையிலும் தலையணையிலும் நம் உடலினின்று உதிரும் தோல் துகள்களை உண்டு வாழும் தூசி உண்ணி என்னும் மிகச் சிறிய உயிர், கண்ணுக்குத் தெரியாது பெருகுகிறது. அது வாய்வழியே நீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையே உடலால் ஈர்த்துக்கொண்டு வாழ்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நெடுநாள் நிலைத்தால் அது உலர்ந்து மடியும். அதற்கு மேற்பட்டால் தழைக்கும். அதன் எச்சமே பலருக்கு இழுப்பு நோயையும், மூக்கடைப்பையும், தோலரிப்பையும் தூண்டிவிடுகிறது. வீட்டின் ஈரத்துக்கும் பூஞ்சணத்துக்கும் இழுப்பு நோய், இருமல் முதலியவற்றுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து, உலக சுகாதார நிறுவனம் 2009 ஆம் ஆண்டில் இதற்கெனத் தனியாகவே ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. கைக்குழந்தைகள், முதியோர், முன்னரே இழுப்பு உள்ளோர் ஆகிய இவர்களே முதலில் துன்புறுவோர். அரைகுறையாக உலர்ந்த துணியை உடுத்துவதால் படர்தாமரை பரவுவதும் இம்மாதங்களில் மிகுதி. அதற்குக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவிக் கொள்ளாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும். அக்களிம்புகள் பலவற்றில் கலந்துள்ள ஸ்டீராய்டு மருந்து அரிப்பை அடக்கி, நோயை வளர்த்து விடுகிறது.

மூடிய அறையின் கணக்கு

காற்று ஓரளவு நீராவியையே தாங்கவல்லது. சூடு மிகுந்தால் அந்த அளவு கூடும், குளிர்ந்தால் குறையும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். தாங்கக்கூடியதில் எத்தனை பங்கு நிறைந்திருக்கிறது என்பதையே ஈரப்பதம் இத்தனை சதவீதம் என்கிறோம். நிறைந்தபின் மேலும் வரும் ஆவி, குளிர்ச்சியான இடம் எதுவோ அதில் நீராகப் படியும்.

இனி ஒரு சாதாரணப் படுக்கை அறையை எடுத்துக்கொள்வோம். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம்; ஏறக்குறைய 34 கன மீட்டர் காற்று. மழைக்கால இரவில் 26 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ளதாகக் கொண்டால், அக்காற்று இன்னும் ஏற்கக்கூடியது 160 கிராம் அளவே, அதாவது ஒரு டம்ளருக்கும் குறைந்த நீரே. உறங்கும் மனிதர் ஒருவர் மூச்சாலும் தோலாலும் மணிக்கு ஏறக்குறைய 40 கிராம் நீரை வெளிவிடுகிறார். தாய், தந்தை, வளர்ந்த பிள்ளைகள் இருவர் என நால்வர் படுத்தால் மணிக்கு 160 கிராம். கொசுவுக்கும் சாரலுக்கும் அஞ்சிக் கதவையும் ஜன்னலையும் இறுக அடைத்துவிட்டால், படுத்த ஒரு மணி நேரத்துக்குள் அந்த அறைக்காற்று நிறைந்துவிடுகிறது. எஞ்சிய ஏழு மணி நேரமும் வெளிவரும் ஒரு லிட்டருக்கு மேற்பட்ட நீர் எங்கே போகும்? சுவருக்கும், மெத்தைக்கும், தலையணைக்கும், பெட்டியிலுள்ள துணிக்குமே போகிறது. ஒரு நாளன்று, மழைக்காலம் முழுதும் போகிறது.

இத்துடன் நாமே கொண்டுவந்து சேர்க்கும் ஈரமும் உண்டு. வெளியே உலர்த்த இடமின்றி அறைக்குள் கொடி கட்டித் தொங்கவிடும் ஒரு வாளித் துணி, பிழிந்த பின்னும் ஒன்றரை இரண்டு லிட்டர் நீரைக் காற்றில் கலக்கும். சமையலறைக்கும் படுக்கை அறைக்கும் இடையே கதவில்லாத சிறு வீடுகளில் கேஸ் அடுப்பும் இதற்குத் துணை. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் நீராவி பிறக்கிறது. உலையில் கொதிப்பது வேறு. நிலவில் படாத தண்ணீர்ப் பானையைக் கட்டில் அருகே வைப்பதும், மாலையில் தரையைக் கழுவிவிட்டு உடனே பாய் விரிப்பதும் சிறு குற்றங்கள், காலையில் கழுவிக்கொள்ளலாம்.

உழவர் வீட்டுக்கே உரிய ஒன்றை இங்குச் சற்று விரித்துக் கூறவேண்டும். குறுவை அறுவடை மழையோடு மோதும் ஆண்டுகளில், களத்தில் காயாத நெல் மூட்டைகளை நனையாமற் காக்க வீட்டுக்குள் அடுக்குகிறோம். வீட்டில் உலர்ந்த இடம் படுக்கை அறையே. ஆகவே கட்டிலுக்கு அருகிலேயே மூட்டைகள் நிற்கின்றன. அறுத்த நெல்லில் 20 சதவீதமும் அதற்கு மேலும் ஈரம் இருப்பதுண்டு. கொள்முதல் நிலையத்தில் ஏற்கும் பொதுவான உச்ச அளவு 17 சதவீதம். கெடாமல் சேமிப்பதற்கு 14 சதவீதத்துக்கு மேற்படலாகாது. 60 கிலோ கொண்ட பத்து மூட்டை நெல் 20 சதவீதத்தினின்று 14 சதவீதத்துக்கு இறங்கவேண்டுமானால் 40 லிட்டருக்கு மேற்பட்ட நீரை அது வெளியேற்றியாக வேண்டும். அந்த நாற்பது லிட்டரும் குழந்தை உறங்கும் அறையின் காற்றில் கலக்கிறது. கலந்தும் நெல் காய்வதில்லை. மூட்டைக்குள் புழுங்கிச் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கிறது. நெல்லும் கெட்டது, மூச்சும் கெட்டது. திண்ணையிலோ தாழ்வாரத்திலோ கட்டை பரப்பி, அதன்மேல் மூட்டைகளை இடைவெளிவிட்டு அடுக்கி, சாரலுக்கு மட்டும் படுதா கட்டுவது இரண்டையும் காக்கும். இடமே இல்லையெனில் மூட்டைகள் அறையில் இருக்கட்டும். மனிதர் கூடத்தில் படுக்கட்டும்.

கீழிருந்து ஏறும் ஈரம்

மூச்சும் துணியும் தரும் ஈரம் ஒருவகை. சுவர் தானே மண்ணிலிருந்து உறிஞ்சித் தருவது மற்றொருவகை. இவ்விரண்டில் எது என்று அறியாமல் பணம் செலவிடுவோர் பலர். அறிவதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஓரடிச் சதுரமுள்ள பிளாஸ்டிக் தாளை ஈரமுள்ள சுவரிலோ தரையிலோ வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதவாறு நாடாவால் ஒட்டி, இரண்டு நாள் விடவேண்டும். தாளின் உட்புறத்தில், அதாவது சுவரைத் தொடும் பக்கத்தில், நீர்த்துளி கட்டினால் ஈரம் சுவரின் உள்ளிருந்து வருகிறது. அறையை நோக்கிய வெளிப்புறத்தில் நனைந்தால் அது அறைக்காற்றின் ஈரம்.

விளக்குத் திரி எண்ணெயை மேலிழுப்பது போலச் செங்கல்லும் சாந்தும் மண்ணின் நீரை மேலிழுக்கின்றன. இதைத் தடுப்பதற்கே, பேஸ்மட்டத்தின் உச்சியில், சுவர் எழும்புவதற்கு முன், கொத்தனார்கள் டி.பி.சி. என வழங்கும் ஈரத்தடுப்புப் படுகை இடவேண்டும். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்து, அதில் நீர்புகாச் சேர்மானம் இட்டு, முக்கால் முதல் ஓரங்குலக் கனத்தில் சுவரின் முழு அகலத்துக்கும் இடைவெளியின்றி இடுவது அது. வெளித்தரைக்கு அரையடியேனும் மேலே அது இருத்தல் வேண்டும். மொத்த வீட்டுச் செலவில் இதற்கு ஆவது மிகச் சொற்பம். வீடு முடிந்தபின் இதைச் சேர்ப்பதோ மிகக் கடினம். அரசு உதவியால் கட்டப்படும் வீடுகளிலும் சிலவற்றில் அவசரத்தால் இது விடுபட்டுப் போவதுண்டு. பேஸ்மட்டம் முடிந்த நிலையில் உறுப்பினர் ஒருவர் நேரிற் சென்று இதைக் கண்ணால் பார்த்துவிடுவது, பின்னர் நாற்பது ஆண்டுக் காலம் அவ்வீட்டாருக்குச் செய்யும் உதவி.

முன்பே கட்டிய வீட்டுக்கு என் செய்வது? சுவரை ஒட்டி நீர் நிற்கவிடாமையே பாதி வைத்தியம். இறவார நீர் சுவரடியிலேயே விழுந்து தேங்குகிறதா, குளியலறை நீர் படுக்கை அறைச் சுவரை ஒட்டி ஓடுகிறதா, எருக்குழியும் வைக்கோற்போரும் சுவரைத் தொட்டு நிற்கின்றனவா என்று ஒரு மழை நாளில் வீட்டைச் சுற்றி வந்து பார்க்கவேண்டும். சுவரினின்று மூன்றடி தூரத்துக்கு மண் வெளிப்புறமாகச் சரிந்திருக்கவேண்டும். கழிவுநீரைத் தள்ளியுள்ள உறிஞ்சு குழிக்கோ தென்னைக்கோ வாழைக்கோ திருப்பவேண்டும். ஆனால் அவ்வாழை ஜன்னலை மறைத்து நிற்கலாகாது.

பூச்சு பொரிந்து உப்புப் பூத்த இடத்தில் பலரும் செய்வது, அதன்மேல் மேலும் கெட்டியான சிமெண்டுப் பூச்சைப் பூசி, எண்ணெய்ப் பெயிண்டு அடிப்பது. இப்பொழுது சிலர் இடுப்புயரத்துக்குச் சுவரில் டைல்ஸ் பதித்தும் விடுகின்றனர். கண்ணுக்கு ஈரம் மறையும். வெளியேற வழியற்ற நீர் சுவரினுள்ளேயே இன்னும் மேலேறி, டைல்ஸுக்கு மேலே தலைகாட்டும். உப்பைக் காய்ந்த துடைப்பத்தால் கூட்டி எடுத்து, ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல்வரை பழம்பூச்சைக் கொத்தி நீக்கிச் சுவரை உலரவிட்டு, சுண்ணாம்புச் சாந்து பூசிச் சுண்ணாம்பே அடிப்பது தக்கது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை அடைத்து வைப்பதில்லை. அதன் காரத்தன்மையில் பூஞ்சணமும் எளிதில் வளராது. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த வழக்கத்தை வெறும் அழகுக்காக என்று எண்ணியது நம் காலத்தின் குறை.

மேற்கூரையைப் பற்றிச் சில சொல் போதும். கான்கிரீட் தளத்தின்மேல் நீர் தேங்குமாயின் மற்ற முயற்சிகள் வீண். கோடையிலேயே விரிசலை அடைத்து, நீர் வடியும் குழாய் வாயைத் துப்புரவு செய்துவிடவேண்டும்.

காற்றுக்கு இரண்டு வழி

ஓர் அறைக்கு ஒரு ஜன்னல் இருந்தால் காற்றுக்கு வாயில் ஒன்றுதான். உள்ளே வந்தது வெளியேற வேண்டுமே! எதிர்ச்சுவரிலோ பக்கச் சுவரிலோ மற்றொரு திறப்பு வேண்டும். கூரையை ஒட்டி உயரத்தில் அமைந்த வெண்டிலேட்டராயின் இன்னும் நன்று. சூடேறிய ஈரக்காற்று மேலெழுந்து அதன் வழியே போகும். நம்முடையது போன்ற வெப்பமும் ஈரமும் மிக்க பகுதிகளுக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு ஜன்னற் பரப்பு வேண்டுமென்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அளவு. மேற்கூறிய 120 சதுர அடி அறைக்கு இது 20 சதுர அடி ஆகும். நாம் வைப்பதோ பெரும்பாலும் 4 அடிக்கு 3 அடி என ஒரே ஜன்னல். அதுவும் பாதி பீரோவின் பின்னே மறைந்திருக்கும். பழைய ஓட்டு வீட்டில் முற்றமும் ஓட்டிடுக்கும் இருந்தன. கூரை வீட்டில் சுவருக்கும் கூரைக்கும் இடையே சந்து இருந்தது. அவ்வீடுகளின் மற்றக் குறைகள் பல, மூச்சு முட்டியதில்லை. கான்கிரீட் தளம் வந்தபோது அச்சந்துகளை அடைத்தோம். அவற்றின் வேலையைச் செய்ய வேறொன்றையும் வைக்க மறந்தோம்.

“வெளியே மழை, வெளிக்காற்றே ஈரம், ஜன்னலைத் திறந்தால் ஈரம் கூடாதா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடியற்காலையில் 20 டிகிரி குளிர்ச்சியில் பனியால் நிறைந்த காற்றும் கன மீட்டருக்கு 17 கிராம் நீராவியே கொண்டது. நால்வர் உறங்கிய மூடிய அறையில் அதைவிட மிகுதியாக இருக்கும். அக்குளிர்ந்த காற்று உள்ளே வந்து 28 டிகிரிக்குச் சூடேறினால் அதன் ஈரப்பதம் 60 சதவீத அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னலும் வெண்டிலேட்டரும் மழை இரவிலும் திறந்திருக்கலாம். விலக்கு ஒன்றே. குளிர்ந்த நாட்களுக்குப்பின் திடீரென வெம்மையான ஈரக்காற்று வீசும்போது சிமெண்டுத் தரையும் டைல்ஸும் “வியர்ப்பதை”ப் பார்த்திருப்போம். குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் நனைவது போன்றதே அது. அந்தச் சில மணி நேரம் ஜன்னலைச் சாத்திவைத்து, தரையை உலர்ந்த துணியால் துடைத்து, மின்விசிறியை ஓடவிடலாம். மழை விட்டு வெயில் காயும் பகற்பொழுதே அறையை உலர்த்த ஏற்றது. உள்மாவட்டங்களில் முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 4 மணி வரை எல்லாவற்றையும் அகலத் திறந்து வைக்கவேண்டும். கடற்கரை ஊர்களில் கடற்காற்று வீசத் தொடங்குமுன் உள்ள நேரம் இன்னும் நல்லது.

கொசு வருமே என்பது அடுத்த தடை. ஜன்னலுக்கு வலையடித்தால் காற்று சிறிது குறையுமே தவிர நிற்காது. படுக்கைக்குக் கொசுவலை கட்டிக்கொண்டால் ஜன்னலைத் திறந்தே வைக்கலாம். கொசுவர்த்திச் சுருளை ஏற்றி அறையை மூடுவது, ஈரத்தோடு புகையையும் சேர்த்துக் குழந்தைக்கு ஊட்டுவதாகும். காற்றோட்டத்தால் மற்றொரு நன்மையும் உண்டு. காசநோய் போலக் காற்றால் பரவும் நோய்கள் மூடிய அறையிலேயே எளிதில் தொற்றுகின்றன. மின்விசிறி ஈரத்தை வெளியேற்றாது, சுழற்றவே செய்யும். ஜன்னல் திறந்திருந்தால்தான் அதனால் பயன். ஏர் கூலர் நீரை ஆவியாக்கியே குளிர்விப்பதால், மழைக்காலத்தில் அதை அறைக்குள் இயக்குதல் அறவே தகாது.

உறிஞ்சும் பண்டங்கள்

இயற்கை முறை என்ற பெயரில் உப்பு, அடுப்புக்கரி, சுண்ணாம்புக்கல் முதலியவற்றைக் கிண்ணத்தில் வைக்கச் சொல்லும் யோசனைகள் இப்பொழுது கைப்பேசி வழியே எங்கும் பரவுகின்றன. தூய உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை ஈர்க்கும். அதற்குக் கீழே அது ஒன்றும் செய்யாது. எனினும் அது நல்ல அளவுகோல்: சமையல் தூள் உப்பைச் சிறிது தட்டில் பரப்பி அறையில் வைத்து, அது நனைந்து கசிந்தால் அறையில் ஈரம் அளவு கடந்துவிட்டது என்று அறியலாம். கடல் கல்லுப்பில் வேறு உப்புக்களும் கலந்திருப்பதால் அது முன்னதாகவே கசியும், சோதனைக்கு ஆகாது. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்கல் முழுதும் நீறிப்போனாலும் ஏற்பது 320 கிராம் நீர். நால்வரின் இரண்டு மணி நேர மூச்சுக்கே அது சரியாகிவிடும். குழந்தையின் கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடிய அப்பொருளை இச்சிறு பயனுக்காக அறையில் வைப்பானேன்? கரியும் மூடிய பெட்டிக்குள் சிறிது உதவலாம், அறைக்குப் போதாது. தொட்டிச் செடிகளோ தாம் பருகும் நீரில் மிகப் பெரும் பகுதியை இலைவழி ஆவியாக வெளிவிடுவன. அவை ஈரத்தைக் கூட்டவே செய்யும்.

இவற்றால் பயனின்மை மட்டுமே நட்டம். ஆனால் மழைக் குளிருக்கும் ஈரத்துக்குமாகக் கரி நெருப்பு மூட்டிய சட்டியை அறைக்குள் வைத்து மூடிக்கொண்டு உறங்குவது உயிரையே கொள்ளும். அதினின்று வெளிப்படும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறக்கத்திலேயே மயக்கமுறச் செய்து மாய்த்துவிடும். மலையூர்களில் இவ்வாறு குடும்பத்தோடு மாண்டவர்கள் உண்டு. பிரசவித்த தாய்க்கும் சிசுவுக்கும் கணப்பு மூட்டும் வீடுகளில் இதைப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும்.

படுக்கையை உலர்த்த வெயிலுக்கு நிகர் ஏதுமில்லை. வெயில் வந்த நாளை விடாமல் மெத்தை, தலையணை, பாய், கம்பளி யாவற்றையும் உச்சிப்பொழுதில் இரண்டு மூன்று மணி நேரம் புரட்டிப் போட்டுக் காயவைத்து, வீட்டுக்கு அப்பால் வைத்துத் தட்டி எடுக்கவேண்டும். தலையணை உறைகளையும் விரிப்புக்களையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்தல் நலம். இழுப்பு உள்ள பிள்ளைக்குப் பழைய பஞ்சு மெத்தையைவிடக் கோரைப்பாயும் கயிற்றுக் கட்டிலும் ஏற்றவை, எளிதில் உலரும். கட்டிலையும் பீரோவையும் சுவரினின்று நான்கு விரற்கடை தள்ளிப் போட்டால் பின்னால் காற்று நடமாடும்.

ஒரு குடும்பம் தன் வீட்டில் செய்யக்கூடியவை இவை. தனியொருவரால் இயலாதது ஒன்று உண்டு, அது தெரு. பழைய சாலையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புதிய தளம் போட்டுப் போட்டு, தெரு உயர்ந்து வீடு தாழ்ந்த ஊர்கள் எத்தனையோ! முன்பு மூன்று படி ஏறிச் சென்ற திண்ணை இன்று தெருவுக்குச் சமமாகிவிட்டது. மழைநீர் வாசலுக்குள் வருகிறது. ஈரத்தடுப்புப் படுகை இட்ட வீட்டிலும் அது மண்ணுக்குள் புதைந்துவிடுகிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே உயரத்தில் சாலை போடவேண்டுமென 2021 ஆம் ஆண்டில் மாநிலத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். சிமெண்டுச் சாலை மதிப்பீடு வரும்போதெல்லாம் உறுப்பினர்கள் முதலில் கேட்கவேண்டியது நீளம் எவ்வளவு என்பதன்று, முடிந்தபின் உயரம் எவ்வளவு என்பதே. சாலைக்கு முன்னால் வடிகால் வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.

அக்டோபர் 2 கிராம சபையில் இதைப் பேசினால் மழை வாசலில் நிற்கும். ஆகஸ்டு 15 சபையிலேயே, எத்தெருவில் எவ்வீடுகள் சாலைமட்டத்துக்குத் தாழ்ந்துள்ளன என்ற பட்டியலோடு செல்வது நலம். பட்டியல் எடுக்கப் பொறியாளர் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. உள்ளூர்க் கொத்தனார் ஒருவரும், நீர் நிரப்பிய அவரது மட்டக் குழாயும், ஒரு முழுப் பகலும் போதும்.